பன்னிரண்டு அணிகளுக்கு ஒரு பூசை

அத்தியாயம் 14

சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் ஜெஸ்ரின் சொன்னது ஐந்தாறு வசனங்கள்தான். அதைக்கூடச் சொல்லியிருக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் மூன்று மாதமாக மகள் சோற்றைக் கிளறிவிட்டு எழும்புவதைப் பார்த்துச் சலித்துப்போன இம்மாகுலேற், அன்று சோற்றுக் கோப்பையையே பறித்து வைத்துக்கொண்டு, "என்னெண்டு சொல்லாமல் இது உனக்கு இல்லை" என்று நின்றுவிட்டாள். முப்பத்தொரு வயதானால் என்ன, பசி பசிதானே. பிள்ளை சொல்லிவிட்டாள்.

சொன்னது இதுதான். லண்டன் கனரி வோர்ஃபில் ஜெஸ்ரின் வேலை செய்யும் முதலீட்டுக் கம்பனி, ஆஸ்திரேலியாவின் இரண்டாம் அடுக்குத் தேசிய றக்பிப் போட்டிக்கு ஐந்து வருடத்துக்குப் பணம் போட யோசிக்கிறது. இப்போது அதில் ஆடுவது எட்டு அணிகள். அதைப் பன்னிரண்டாக்க வேண்டும் என்று அறிக்கை எழுதியவள் ஜெஸ்ரின். புதிதாகச் சேரும் நான்கில் ஒன்று மேற்குச் சிட்னியின் பெண்டில் ஹில் கழகம். அந்தக் கழகத்தில் ஆட்டக்காரரின் தோளையும் முழங்காலையும் பார்த்துக்கொள்ளும் பிசியோ அவளுடைய சொந்தத் தம்பி டெனுசன்.

தம்பி அங்கே இருக்கிறான் என்பதை முதல் நாளே கம்பனிக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். அந்தக் கழகத்துக்குப் புள்ளி போட்டதும் அவளில்லை, வேறொருவர். அதிலெல்லாம் ஒரு குறையும் இல்லை. புதன்கிழமை குழு கூடி முடிவெடுக்கும்வரை வெளியில் மூச்சு விடக் கூடாது என்ற ஒரேயொரு விதியைத்தான் அவள் ஒரு கோப்பைச் சோற்றுக்காக மீறினாள்.

அந்தப் புதன்கிழமையும் விடிந்தது.

காலை ஆறரைக்கு அவளுடைய மேலதிகாரி வைத்தியநாதனிடமிருந்து ஒரு செய்தி. 'ரெண்டு மணிக் கூட்டம் வரைக்கும் வேண்டாம். ஒன்பதரைக்கே வாங்க.' அதன் கீழே ஓர் ஆஸ்திரேலிய விளையாட்டு இணையத்தளத்தின் சுட்டி.

ஜெஸ்ரின் அதைத் திறந்தாள். 'லண்டன் தேவாலயத்தில் உடைந்த இரகசியம்: இரண்டாம் அடுக்கு றக்பிக்குப் பன்னிரண்டு அணிகள்.' தலைப்பின் கீழே ஒரு வீடியோ. வீடியோவில் அவர்களுடைய கிங்ஸ்பரித் தமிழ்ப் பூசை. பீடத்தில் பங்குச் சுவாமி நின்று ஒரு காகிதத் துண்டைப் பார்த்து நிறுத்தி நிதானமாக வாசிக்கிறார்.

"ஆஸ்திரேலியாவின் இரண்டாம் அடுக்குத் தேசிய றக்பிப் போட்டியில் பெண்டில் ஹில் கழகத்துக்கு இடம் கிடைக்கவும், பன்னிரண்டு அணிகளுக்கும் மகள் ஜெஸ்ரினின் கம்பனி பணம் வழங்கவும் வேண்டி, பஸ்தியாம்பிள்ளை, இம்மாகுலேற் குடும்பத்தினர் ஒப்புக்கொடுக்கும் பூசை."

கீழே ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பு வேறு ஓடியது. நல்ல மொழிபெயர்ப்பு, ஒரு பிழையும் இல்லை.

"அம்மா!"

குசினியில் இம்மாகுலேற் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்து ஆரம்பப் பள்ளியில் சமையல் வேலை. நீலச் சட்டையும் வழுக்காத சப்பாத்துமாக ஷிப்டுக்குத் தயாராகி நின்றாள். மகள் நீட்டிய போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"சுவாமி நல்லாத்தான் வாசிச்சிருக்கிறார். பெண்டில் ஹில் எண்ட பேரை மட்டும் கொஞ்சம் விழுங்கிப் போட்டார்."

"ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது எண்டு சொன்னனானெல்லோ!"

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லைப் பிள்ளை. கடவுளுக்குத்தான் சொன்னனான்."

"கடவுளுக்கு ஏன் எழுதிக் குடுக்க வேணும்? மனசுக்குள்ள சொல்லேலாதோ?"

"மனசுக்குள்ள சொல்லுறது செபம். எழுதிக் குடுக்கிறது பூசை. ரெண்டும் ஒண்டோ?"

உலகத்தில் எந்தக் கம்பனியின் இரகசிய விதிகளிலும் இதற்குப் பதில் இருக்காது.

மேசையில் பாணுக்குச் சம்பல் பூசிக்கொண்டிருந்த பஸ்தியாம்பிள்ளை தலையை நிமிர்த்தினார். முப்பது வருடம் பஸ் ஓடி ஓய்வுபெற்ற மனிதர். எதையும் பின்னால் வருகிறவனையும் பார்த்தே செய்கிறவர்.

"நான் அப்பவே சொன்னனான், ஒரு நல்ல காரியம் நடக்க எண்டு மட்டும் எழுதும் எண்டு. இவ கேட்டாத்தானே."

"இஞ்சருங்கோ, விவரமாச் சொல்ல வேணும். இல்லாட்டி கடவுள் மாறி வேற ஆருக்கும் குடுத்துப் போடுவார்."

லண்டன் தமிழ்ப் பூசை கொரோனாக் காலத்திலிருந்து நேரலையாகப் போகிறது. மெல்பேர்னில் இருக்கும் இம்மாகுலேற்றின் தங்கை மேரிசாந்தி ஒரு ஞாயிறும் தவறாமல் அதைப் பார்க்கிறவள். அக்காவின் குடும்பப் பெயரைக் கேட்ட பூரிப்பில் வீடியோவில் அந்த இடத்தை மட்டும் வெட்டி, கைதட்டும் படம் மூன்று போட்டு, குடும்பக் குழுவில் போட்டாள். அவள் மகன் றொஜன் சனிக்கிழமைகளில் றக்பி ஆடுகிறவன். அவன் தன் கூட்டாளிகளுக்கு அனுப்பினான். கூட்டாளிகளில் ஒருவன் ஊருக்கே அனுப்பினான். மூன்று நாள் போதுமாக இருந்தது.

"என்ர வேலை போகுமம்மா," என்றாள் ஜெஸ்ரின். "அது போனால் போகட்டும். இதைச் சாட்டா வைச்சுப் பெண்டில் ஹில்லை வெளியில போட்டுடுவாங்கள்."

ஆற்றிக்கொண்டிருந்த தேத்தண்ணி அந்தரத்தில் நின்றது.

*

ஜூபிலி லைன் ரயிலில் இருக்கை கிடைத்தும் ஜெஸ்ரின் உட்காரவில்லை. நின்றபடியே போனாள். பெப்ரவரியில் பெண்டில் ஹில்லுக்குப் போய்வந்த மூன்று நாளும் மனதில் ஓடிக்கொண்டிருந்தன.

அந்த நாட்டில் மேலே சில பெரிய அணிகள் இருக்கின்றன. கீழே ஊருக்கு ஊர் கழகங்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் இந்த இரண்டாம் அடுக்கு. கீழே நன்றாக ஆடுகிறவன் மேலே போக அதை விட்டால் வேறு வழி இல்லை. அதிலுள்ள எட்டு அணிகளும் பழைய, வசதியான இடங்களில் இருந்தன. பெண்டில் ஹில்லில் அவள் ஒருவனைப் பார்த்தாள். டோங்காத் தீவுக் குடும்பம், வயது இருபத்திரண்டு. விடியற்காலை கட்டட வேலை, பின்னேரம் ஒன்றரை மணித்தியாலம் கார் ஓடி நகரத்தின் மற்றப் பக்கத்தில், அந்த எட்டு அணிகளில் ஒன்றில் பயிற்சி, திரும்ப ஒன்றரை மணித்தியாலம். "அக்கா, இவன் அடுத்த வருசம் விட்டிடுவான்," என்று டெனுசன் சொன்னான். "இவனுக்கு முதல் ஒன்பது பேர் விட்டிட்டாங்கள். விளையாடத் தெரியாமல் இல்லை. களைச்சுப் போய்த்தான்."

அந்த ஒன்பது பேரின் பெயரும் அவளுடைய அறிக்கையில் நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது. கம்பனி அறிக்கைகளில் பெயர் எழுதும் வழக்கம் இல்லை. அவள் எழுதினாள்.

வைத்தியநாதன் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். திருச்சிக்காரர், ஐம்பத்திரண்டு வயது, இருபது வருடமாக லண்டனில். எல்லோருக்கும் முன்னால் ஆங்கிலம்தான். கதவு சாத்தியிருந்தால் மட்டும் தமிழ் வரும். தமிழ் வந்தால் ஏதோ கேட்கப்போகிறார் என்று அர்த்தம்.

"உக்காருங்க ஜெஸ்ரின். டென்ஷன் ஆகாதீங்க. இது சரி பண்ணக்கூடிய விஷயம்தான்."

ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். ஜெஸ்ரின் வாசித்தாள். 'மேற்படி தகவல், பெண்டில் ஹில் கழகத்தின் ஊழியர் ஒருவர் வழியாக அவருடைய குடும்பத்துக்குக் கசிந்தது என்பதை உறுதிப்படுத்துகிறேன்.' கீழே அவளுடைய பெயரும் கையெழுத்துக்கு ஒரு கோடும்.

"இது பொய்," என்றாள்.

"உங்க தம்பி அம்மாகிட்ட சொன்னார். அம்மா சர்ச்சுல சொன்னாங்க. இதுல நீங்க எங்க வர்றீங்க?"

"நான்தான் சொன்னனான். அம்மாவுக்கும் அப்பாவுக்கும், சனிக்கிழமை, சாப்பாட்டு மேசையில."

"நான் உண்மையைக் கேக்கல. கையெழுத்து கேக்கறேன்."

"இதில கையெழுத்து வைச்சால் பெண்டில் ஹில் என்னாகும்?"

"ரகசியம் காக்கலன்னு வெளிய போகும். ஆமா, போகும். அப்புறம் பதினொண்ணு மிஞ்சும். பதினொண்ணை வெச்சு அட்டவணை போட முடியாது. எட்டுக்கே திரும்பிடலாம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் ஆரம்பத்துலேருந்தே எட்டுன்னுதான் சொல்றேன். அது உங்களுக்கும் தெரியும். எட்டுன்னா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். பன்னிரண்டுன்னா தெரியாது. தெரியாத விஷயத்துக்கு நான் தலையாட்டுறதில்லை."

"இது வைக்காட்டி?"

"உங்க வேலைக்கு நான் பொறுப்பில்லை. ரெண்டு மணி வரைக்கும் யோசிங்க."

ஜெஸ்ரின் தாளை எடுத்து நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். யோசிக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. சாத்தியிருந்த கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு வெளியே போனாள்.

கீழே தண்ணீரோரம் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து சிட்னிக்கு எடுத்தாள். அங்கே இரவு எட்டு மணி. மைதானத்துச் சத்தம் கேட்டது. யாரோ விசில் ஊதினார்கள்.

"அக்கா, பாத்தனான்," என்றான் டெனுசன். "இஞ்ச எல்லாரும் பாத்திட்டாங்கள். கோச் என்னட்டக் கேட்டார், உன்ர அம்மா எங்களுக்காகப் பூசை வைச்சவவோ எண்டு. சிரிக்கிறதோ அழுறதோ எண்டு தெரியேல்லை."

அவள் தாளைப் பற்றிச் சொன்னாள்.

"வையுங்கோ அக்கா. கையெழுத்து வையுங்கோ."

"என்ன?"

"நான்தான் சொன்னதெண்டு இருக்கட்டும். எனக்கு வேற வேலை கிடைக்கும். நீங்கள் அந்த இடத்துக்கு வர எவ்வளவு பாடுபட்டனீங்கள்."

"டெனுசன், வாயை மூடு."

"அக்கா..."

"உன்ர வேலையைப் பற்றி ஆர் கதைச்சது? உன்ர பின்னுக்கு நிக்கிறாங்களே, அவங்களைப் பற்றிக் கதை. பெப்ரவரியில நான் பாக்கேக்க தோள் நோவோட நிண்டவன் இண்டைக்கும் வந்தவனோ?"

"ஓம். இப்பதான் தோளுக்குக் கட்டு சுத்தினனான்."

"அப்ப போய் வேலையைப் பார். நான் இதில கையெழுத்து வைக்கமாட்டன். செத்தாலும் வைக்கமாட்டன்."

போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது. வாங்கில் பக்கத்தில் இருந்து சாலட் சாப்பிட்ட ஒருவன் தன் பேப்பர் நாப்கினை நீட்டினான். வாங்கி மூக்கைச் சிந்திவிட்டு எழும்பினாள்.

*

இரண்டு மணிக் கூட்டத்தில் ஏழு பேர். நடுவில் குழுத் தலைவி, அறுபது கடந்த வெள்ளைக்காரப் பெண்மணி. பேச்சில் ஒரு சொல் வீணாக்காதவர். அடுத்தவர் வீணாக்கினால் மணிக்கூட்டைப் பார்க்கிறவர்.

ஜெஸ்ரின் மடித்த தாளை விரித்து அவருக்கு முன்னால் வைத்தாள்.

"இதில் கையெழுத்திடும்படி என்னிடம் கேட்கப்பட்டது. இது உண்மையில்லை. விதியை மீறியவள் நான். பெண்டில் ஹில் கழகத்துக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை."

தலைவி தாளை வாசித்தார். பிறகு வைத்தியநாதனை ஒருமுறை பார்த்தார். அவர் தன் பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கள் தாயாருக்குச் சொன்னது நீங்களா, உங்கள் தம்பியா? தம்பியைக் காப்பாற்ற அக்கா பழியை ஏற்கலாம். அப்படி நடக்காது என்று நான் எப்படி நம்புவது?"

"பன்னிரண்டு என்ற எண் கழகங்களுக்குத் தெரியாது. பூசையில் அந்த எண் இருக்கிறது."

"அதை நீங்கள் தம்பிக்குச் சொல்லி, அவர் தாயாருக்குச் சொல்லியிருக்கலாம்."

"மேசையில் இருந்தது நாங்கள் மூன்று பேர்தான்."

அப்போது சுவரோரம் இருந்த போன் அடித்தது. கீழே வரவேற்பில் இருந்து. எடுத்தவர் போனின் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"கீழே ஒரு அம்மா நிற்கிறார். பள்ளிக்கூடச் சமையல் உடை. கசியவிட்டது தான்தான், மேலே விடச் சொல்லுங்கள் என்கிறார்."

ஜெஸ்ரின் கண்ணை மூடிக்கொண்டாள். நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்று ஒரு கணம் நினைத்தாள். அடுத்த கணம், எதற்கு என்று தெரியாமலே, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இம்மாகுலேற் நீலச் சட்டையோடும் தலை வலையோடும் உள்ளே வந்தாள். தோளில் சாப்பாட்டுப் பை. கையில் தேவாலயத்தின் பங்கு அலுவலகம் கொடுத்த றோஸ் நிறப் பூசைத் துண்டின் பிரதி. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அது வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் மடு மாதாவின் காந்தப் படத்துக்குக் கீழே இருந்தது. டெனுசன் தாய்க்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். 'போகாதையும், பிள்ளையின்ர வேலையைக் கெடுக்காதையும்' என்று மறித்த பஸ்தியாம்பிள்ளையேதான், கடைசியில் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு கிங்ஸ்பரி ஸ்டேஷன் வாசலில் வந்து காத்து நின்று கொடுத்தார்.

"பிந்தினதுக்கு மன்னிக்க வேணும்," என்றாள் பொதுவாக. "ரெண்டாம் பந்தி முடியத்தான் வெளிக்கிடலாம்."

முப்பது வருட லண்டன் வாழ்க்கையில் இம்மாகுலேற்றுக்கு ஆங்கிலம் தாராளமாக வரும். ஆனால் கோபம் வந்தால் ஒரு சொல் வராது. இன்று கோபத்தில் வந்திருந்தாள்.

மகள் மொழிபெயர்க்க முடியாது, அவள் சம்பந்தப்பட்டவள் என்றார் தலைவி. அறையில் தமிழ் தெரிந்த இன்னொருவர் ஒருவர்தான். எல்லோரும் வைத்தியநாதனைப் பார்த்தார்கள். அவர் பேனையை வைத்தார்.

"யார் சொன்னாங்கன்னு கேக்கறாங்கம்மா."

"இவள்தான் சொன்னவள். அதுவும் நான் சாப்பாட்டுக் கோப்பையைப் பறிச்சபடியால் சொன்னவள். மகன் ஒரு சொல்லும் சொல்லேல்லை. அவனுக்கு எத்தினை அணி எண்டே தெரியாது. இந்தாங்கோ, என்ர கையெழுத்து, ஞாயிற்றுக்கிழமைத் தேதி. குற்றம் எண்டால் என்னைப் பிடியுங்கோ."

வைத்தியநாதன் மொழிபெயர்த்தார். கோப்பையைப் பறித்தது உட்பட, ஒன்றையும் விடவில்லை. தலைவியின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது.

"மகனின் கழகத்துக்காகக் கேட்டது எனக்குப் புரிகிறது. மற்ற அணிகளுக்காகவும் ஏன் கேட்டீர்கள்?"

"ஏன் கேக்கக் கூடாது?" என்று இம்மாகுலேற் திருப்பிக் கேட்டாள். "எங்கட பள்ளிக்கூடத்தில ரெண்டு பந்தி. முதல் பந்திக்குச் சுடச்சுடக் குடுக்கிறம். போன வருசம் மேலிடத்தில இருந்து ஒரு மனுசி வந்து சொன்னா, ரெண்டாம் பந்திக்குப் புதுசாச் சமைக்கத் தேவையில்லை, மிஞ்சினதைக் குடுங்கோ, காணாட்டி சான்விச் குடுங்கோ எண்டு. நான் ஏலாது எண்டனான். வேலையால நிப்பாட்டுவன் எண்டா. நிப்பாட்டுங்கோ எண்டனான். இண்டைக்கும் ரெண்டாம் பந்திக்குப் புதுசாச் சமைச்சுக் குடுத்திட்டுத்தான் வாறன்."

மூச்சு வாங்கினாள். வைத்தியநாதன் மெல்லக் கேட்டார்.

"பந்தின்னா... நம்ம கல்யாணப் பந்திதானேம்மா?"

"ஓம் தம்பி, அதேதான். பிந்தி வந்து இருக்கிறதுக்கும் அதே பசிதானே? எட்டுப் பேருக்கு இலையைப் போட்டிட்டு நாலு பேரை வாசலில நிக்க வைச்சுக் கதவைச் சாத்துவினமோ? எந்தச் சனம் அப்பிடிச் செய்யும்? இதுதான் நான் கேட்டது. இதில என்ன இரகசியம்?"

வைத்தியநாதன் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். பள்ளிக்கூடம், சான்விச், எட்டு இலை, வாசலில் நான்கு பேர், எல்லாம் வந்தன. முடித்துவிட்டார் என்று ஜெஸ்ரின் நினைத்தபோது, அவர் மேசையைப் பார்த்தபடி இன்னொரு வசனமும் சொன்னார்.

"எங்கள் ஊர்க் கல்யாணங்களில், அதுவரை எல்லோருக்கும் பரிமாறியவர்கள்தான் கடைசிப் பந்தியில் உட்காருவார்கள். அவர்கள் உட்காரும்போது பாயசம் முடிந்துவிட்டிருக்கும்."

ஜெஸ்ரின் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா அப்படி எதுவும் சொல்லவில்லை. அந்த அறையில் அது தெரிந்தவர்கள் மூன்றே பேர். மூன்றாவது ஆளான இம்மாகுலேற் மகளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

தலைவி நீண்ட நேரம் எடுக்கவில்லை. ஜெஸ்ரின் இன்றோடு வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்படுகிறாள், விசாரணை நடக்கும். கையெழுத்திடாத தாளுக்கு மதிப்பில்லை; அது யார் எழுதியது என்பதையும் பிறகு பார்க்கலாம். பெண்டில் ஹில் பட்டியலில் இருக்கும். எட்டா பன்னிரண்டா என்ற முடிவு வெள்ளிக்கிழமை. அறிக்கையை ஜெஸ்ரினுக்குப் பதிலாக வைத்தியநாதன் சமர்ப்பிப்பார்.

"ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

"என்னை வெளியே அனுப்புங்கள்," என்றாள் ஜெஸ்ரின். "அறிக்கையை உள்ளே வைத்திருங்கள். அதில் நாற்பத்தோராம் பக்கத்தை மட்டும் வாக்களிக்க முன்னர் ஒருவராவது சத்தமாக வாசிக்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்."

கழுத்து அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

லிப்ட் வாசலுக்கு வைத்தியநாதன் பின்னால் வந்தார்.

"வெள்ளிக்கிழமை நான் எட்டுன்னுதான் சொல்லப்போறேன். தெரியும்ல?"

"தெரியும். பக்கத்தை வாசிச்சிட்டுச் சொல்லுங்கோ."

இம்மாகுலேற் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"மத்தியானம் சாப்பிட்டனீங்களோ தம்பி?"

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அதுவே பதில். அவள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"மரக்கறி றோல்ஸ்தான். பயப்பிடாமல் சாப்பிடுங்கோ."

லிப்ட் கதவு மூடும்வரை அவர் அந்தப் பொட்டலத்தைப் பிடித்தபடி நின்றார்.

*

ஃபின்ச்லி ரோடு தாண்டி ரயில் வெளிச்சத்துக்கு வந்தபோது ஜெஸ்ரினுக்கு உறைத்தது, நாளை காலை போக அவளுக்கு வேலை இல்லை என்று. எட்டு வருடம். கழுத்தில் அட்டை தொங்கிய இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"கோவமோ பிள்ளை?" என்று கேட்டாள் தாய்.

"ஓம். கோவம்தான்."

"என்னிலயோ?"

"உங்களிலயும்தான்." கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "ஆனால் வந்தது நல்லது."

கிங்ஸ்பரி ஸ்டேஷன் வாசலில் பஸ்தியாம்பிள்ளை இன்னும் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றாரா, போய்விட்டு வந்தாரா என்று அவர் சொல்லவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தார், அவளுடைய பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"பங்கு அலுவலகம் அஞ்சு மணிக்குப் பூட்டும்," என்றாள் இம்மாகுலேற். "நடவுங்கோ."

"திரும்பவுமோ?" என்று பஸ்தியாம்பிள்ளை நின்றார். "பட்டது காணாதோ?"

"நாளைக்குப் பின்னேரமும் தமிழ்ப் பூசை இருக்கு. முடிவு வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு எண்டு ஊருக்கே தெரிஞ்சு போச்சு, இனி என்ன?"

அலுவலகத்தில் அவள் றோஸ் நிறத் துண்டை வாங்கி எழுதத் தொடங்கினாள். 'வெள்ளிக்கிழமை முடிவெடுப்பவர்களுக்கு நல்ல மனம் வேண்டி.'

"அது போதும்," என்றார் பஸ்தியாம்பிள்ளை. "பேர் ஒண்டும் போடாதையும்."

இம்மாகுலேற் பேனையைப் பிடித்தபடி மகளைப் பார்த்தாள். காலையில் கத்திய பிள்ளை, இப்போது என்ன சொல்வாள் என்று தெரியாத பார்வை.

ஜெஸ்ரினின் போன் அதிர்ந்தது. வைத்தியநாதன்.

'உங்க சர்ச் பூசை அடுத்து எப்போ லைவ்ல வரும்? லிங்க் அனுப்புங்க.'

அவள் இரண்டு தரம் வாசித்தாள். அடுத்த கசிவுக்காக வலை விரித்துக் காத்திருக்கிறாரா? அல்லது பாயசம் முடிந்த கடைசிப் பந்தியில் ஒருகாலத்தில் இருந்த அந்த மனிதர் கேட்கிறாரா? கேள்வியில் அதற்கு ஒரு குறிப்பும் இல்லை. தோளுக்கு மேலால் எட்டி வாசித்த தந்தை 'அனுப்பாதை' என்று தலையாட்டினார்.

ஜெஸ்ரின் லிங்கை அனுப்பினாள். பிறகு தாயின் கையிலிருந்து பேனையை வாங்கி, துண்டைத் தன் பக்கம் இழுத்து, திரு. வைத்தியநாதனின் பெயரை எழுதினாள். அதன் கீழே பன்னிரண்டு அணிகளையும் ஒவ்வொன்றாக எழுதினாள். பெண்டில் ஹில்லை மட்டும், சுவாமி இந்த முறை விழுங்க முடியாதபடி, கொட்டை எழுத்தில் எழுதினாள்.